வாரப் புதிரும் வாசகன் உரிமையும்

வாரப் பத்திரிகைகளின் பின்பக்கங்களில் இடம்பெறும் புதிர்ப் பகுதியைப்பற்றி இலக்கியச் சஞ்சிகையொன்றில் எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சிறுகதையும் கவிதையும் நாவலும் எடைபோடப்படும் இடத்திலே குறுக்கெழுத்துக்கு என்ன வேலை என்று அவர்கள் வினவுவர். ஆயினும் தலையங்கத்தைப் படியாது விடுவோர் பலர். தொடர்கதையை இடையிலே கைவிடுவோரும் உளர். பென்சிலும் கையுமாகப் புதிர்ப் பக்கத்தைத் தேடுவோரோ வாரந் தவறாது தேடுகின்றனர். மக்கள் இத்துணை ஊக்கத்தோடு ஈடுபடும் ஒரு வடிவத்தைப் 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது விமரிசகனின் வேலையை இலகுவாக்குமேயன்றி, அவ்வடிவத்தைப்பற்றி எமக்கு எதனையுங் கற்பிக்காது.

நாம் இங்கு கேட்க விரும்பும் கேள்வி மிகவும் எளிது. ஒரு புதிரை அவிழ்த்த வாசகன், தன் விடை சரியானதென்பதைத் தன் அறிவு கொண்டே தெளிந்துகொள்ள முடிகின்றதா? அல்லது அடுத்த வாரம் பத்திரிகை ஆசிரியர் விடையை வெளியிடும்வரை அவன் காத்திருக்க வேண்டியுள்ளதா? புதிர்கள் யாவற்றையும் இக்கேள்வி இரண்டாகப் பிரித்துவிடுகின்றது. முதல் வகையைச் சேர்ந்தவை வாசகனைத் தமக்குச் சமமானவனாக மதிப்பவை. இரண்டாம் வகையைச் சேர்ந்தவை அவனைக் கைகட்டி வாசலில் நிற்கவைப்பவை.

புதிர் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல் என்பவற்றோடு பிசியையும் ஒரு யாப்பு வகையாக எண்ணுகின்றது. உவமையோடு பொருந்தி வருவதும், ஒன்றைக் கூற மற்றொன்று தோன்றித் துணியப்படுவதும் என அதனை இருவகைப்படுத்தவும் செய்கின்றது. எமது கிராமங்களிலே நொடி என்று வழங்குவது இதன் வழிவந்ததே. நெல் குற்றும் முற்றத்திலும் இரவில் குழந்தைகளைக் கிடத்திக்கொண்டும் சொல்லப்பட்ட நொடிகளுக்கு ஒரு சிறப்புண்டு. விடை வெளிப்பட்டதும் கேட்டவர் அனைவரும் ஒருசேர 'ஓம்' என்பர். அது சரியா பிழையா என்று வழக்காட ஒருவருமிலர். தேங்காயையோ தீபத்தையோ உழவு மாட்டையோ பற்றிய நொடியின் ஒவ்வோர் உறுப்பும், விடை தெரிந்த மாத்திரத்தே, அந்தப் பொருளில் வந்து பொருந்திக்கொள்ளும். நொடி சொன்னவருக்கும் அவிழ்த்தவருக்கும் நடுவே நீதிபதி தேவைப்படவில்லை. காரிநாயனாரின் கணக்கதிகாரத்திற் காணும் வினாக்கணக்குகளும் இத்தகையனவே. கணக்கைச் செய்தவன் விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்துத் தானே உறுதிசெய்யலாம்.

இதற்கு மறுபுறமாக வளர்ந்தது சித்திரகவி. சோழர் காலத்துத் தண்டியலங்காரம் சொல்லணியியலிலே மாலைமாற்று, எழுத்து வருத்தனம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள், அக்கரச் சுதகம் முதலியவற்றுக்கு இலக்கணங் கூறுகின்றது. இவற்றைச் சற்று ஊன்றி நோக்கினால் வியப்பான ஓர் உண்மை புலப்படும். பல வினாக்களுக்குரிய விடைகளைச் சேர்த்தால் ஒரு சொல்லோ தொடரோ தோன்றுவது வினாவுத்தரம். ஒரு சொல்லில் எழுத்துக்களை ஒவ்வொன்றாக நீக்க வேறு வேறு பொருள் தருவது அக்கரச் சுதகம். ஒரு செய்யுளின் எழுத்துக்களுள் மற்றொரு செய்யுள் ஒளிந்திருப்பது கரந்துறை. ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிரை ஆக்குவோர் இருபதாம் நூற்றாண்டிலே கையாண்ட முக்கிய உத்திகளுட் பல இங்கே பெயரும் இலக்கணமும் பெற்று இருக்கின்றன.

பெருமைப்படுவதற்கு இது போதுமானது என்று சிலர் இவ்விடத்திலே நின்றுவிடுவர். நாம் நிற்க முடியாது. ஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்திலே பக்தியின் உந்துதல் ஒன்றுண்டு. பிற்காலப் புலவர் கைகளில் சித்திரகவி பெரிதும் புரவலன் முன்னிலையிலே தன் வல்லமையைக் காட்டும் வித்தையாகிவிட்டது. சக்கரத்தையும் நாகத்தையும் வரைந்து எழுத்துக்களை அடைத்த புலவன், அதனை ஒருவன் அவிழ்க்க வேண்டுமென்று எதிர்பார்க்கவில்லை. வியக்க வேண்டுமென்றே எதிர்பார்த்தான். உரையாசிரியனின் துணையின்றி நுழைய முடியாத கட்டிடமாக அது முடிந்தது. நொடி மக்களிடத்து இருந்தது. உத்தி புலவரிடத்து இருந்தது. இரண்டும் ஒன்றுசேரும் வாய்ப்பை அச்சு இயந்திரமும் வாரப் பத்திரிகையுமே உண்டாக்கின.

1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையின் ஞாயிறு இதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவக் கட்டமொன்றை வெளியிட்டார். இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கம் அதுவெனக் கொள்ளப்படுகிறது. 1924இல் சைமன் அன் சுஸ்டர் நிறுவனம் முதற் குறுக்கெழுத்து நூலை வெளியிட, அமெரிக்கா முழுவதும் அந்த மோகம் பரவிற்று. இங்கிலாந்துக்கு வந்தபோது அது வேறோர் இயல்பைப் பெற்றது. லண்டன் 'ஒப்சேவர்' வாரப் பத்திரிகையில் 1926 முதல் டோக்கமாடா என்ற புனைபெயரில் எட்வேர்ட் பவிஸ் மத்தர்ஸ் என்பவர் நேரான பொருட் குறிப்புக்களை விடுத்து, சொல்லுக்குள் சொல்லை ஒளிக்கும் குறிப்புக்களை எழுதினார். 1939இல் அவர் மறைந்தபின் அப்பணியை ஏற்றவர் டெரிக் சொமர்செற் மக்நட். இவர் ஒரு பாடசாலை ஆசிரியர். கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தவர். ஸீமெனெஸ் என்பது இவரது புனைபெயர். டோக்கமாடா, ஸீமெனெஸ் இருவரும் ஸ்பானிய நாட்டு மத விசாரணையின் தலைவர்கள். வாசகரைச் சித்திரவதை செய்வதே நோக்கமென்ற பகிடி அப்பெயர்களிலே தொனிக்கின்றது.

ஆனால் ஸீமெனெஸ் செய்த வேலை பெயருக்கு நேர் எதிரானது. ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் வாரந்தோறும் புதிர் ஆக்கிய அனுபவத்தின்மேல் அவர் 1966இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் சாரம் ஒரு நியாய விதி: குறிப்பின் ஒரு பகுதி விடைச்சொல்லின் பொருளைச் சரியாகத் தருதல் வேண்டும்; மற்றப் பகுதி அச்சொல்லின் எழுத்துக்களை அடையும் வழியைச் சரியாகத் தருதல் வேண்டும்; இவ்விரண்டுக்கும் புறம்பான வெற்றுச் சொல் குறிப்பில் இருத்தல் ஆகாது. ஆக்குவோன் வாசகனை மயக்கலாம், வழிதவறச் செய்யலாம், பொய் கூறலாகாது. இரு வழிகளால் ஒரே இடத்துக்கு வந்துசேரும் வாசகன், தன் விடை சரி என்பதை அக்கணமே அறிகின்றான். நொடியில் இருந்த அந்தப் பழைய 'ஓம்' இங்கே மீண்டும் கேட்கின்றது.

தமிழில் ஓர் உதாரணம் காட்டுவோம். 'கரும்போடு பேய் சேர ஆசிரியர் எழுதுமிடம்' என்பது குறிப்பு; ஆறெழுத்து. பேய்க்கு அலகை என்று ஒரு பெயருண்டு. கரும்பு, அலகை இரண்டும் புணருமிடத்துக் குற்றியலுகரம் கெட்டுக் 'கரும்பலகை' என்றாகும். சொல்லின் உண்மைப் பிரிப்பு கருமை, பலகை என்பதே. எனினும் புணர்ச்சி விதி மற்றப் பிரிப்புக்கும் இடந்தருகின்றது. விடையை அடைந்தவன் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அக்கரச் சுதகத்தின் வழியில் மற்றொன்று: பட்டணத்தின் இரண்டாம் மூன்றாம் எழுத்துக்களை எடுத்துவிட்டால் எஞ்சுவது பணம். (பட்டணத்தில் வாழ்ந்தோர் இதற்கு வேறு விளக்கமும் கூறக்கூடும்.) 'ஆசிரியர்' என்ற சொல்லுக்குள் 'சிரி' என்றோர் ஏவல் கரந்துறைகின்றது, வகுப்பறையில் அது வெளிப்படுவது அரிதாயினும் எழுத்தில் இருப்பது உண்மை.

இத்தகைய குறிப்புக்களைத் தமிழ் எவ்வளவு எளிதாகத் தாங்குகின்றதென்பதைக் கண்டபின், எமது வாரப் பத்திரிகைகளின் குறுக்கெழுத்துக்களை நோக்கினால் ஏமாற்றமே மிஞ்சுகின்றது. அதற்குக் காரணம் ஆக்குவோரின் அறிவுக் குறைவு என்று நாம் எண்ணவில்லை. இந்த வடிவம் தமிழ் வாசகரிடம் வந்துசேர்ந்த வழியிலேயே காரணத்தைத் தேட வேண்டும்.

இந்தியாவிலே 1930களில் குறுக்கெழுத்து பரவியபோது அது பரிசுப் பணத்தோடு பரவிற்று. தமிழ் வார இதழ்களும் அதற்கு விலக்கல்ல. வாசகன் நுழைவுக் கட்டணம் அனுப்ப வேண்டும். விடைப் பத்திரத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் அனுப்ப விரும்பினால் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் வாங்க வேண்டும். விற்பனை பெருகுவதற்கு இதைவிட நல்ல வழி வேறில்லை. ஆனால் புதிர் நேர்மையானதாயின், சரியான விடை எழுதியோர் பல்லாயிரவராகிவிடுவர். பரிசைப் பங்கிட்டால் ஆளுக்குச் சில சதமே தேறும். பெரிய பரிசு என்ற விளம்பரம் நிலைக்க வேண்டுமானால், சரியான விடை எழுதுவோர் ஒருசிலராக இருத்தல் வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. புதிரை உண்மையிலே கடினமாக்குவது ஒன்று. அப்படிச் செய்தால் வாங்குவோர் குறைந்துவிடுவர். மற்றது, புதிர் எவருக்கும் எளிதாகத் தோன்றவேண்டும், ஆனால் விடை எவராலும் தெளியப்படக் கூடாது என்ற வழி. வியாபாரம் தெரிந்தெடுத்தது இதனையே.

அது எவ்வாறு இயலும்? 'மனிதனுக்கு இது இல்லாவிட்டால் மதிப்பில்லை' என்று ஒரு குறிப்பைக் கொடுத்து, கட்டத்திலே 'ப' என்ற எழுத்தையும் 'ம்' என்ற எழுத்தையும் அச்சிட்டு, நடுவில் ஒரு சதுரத்தை வெறுமையாக விட்டால் போதும். பணம் என்பார் ஒருவர். பலம் என்பார் மற்றொருவர். பதம் என்று கூறி அதற்கும் நியாயங் காட்டுவார் மூன்றாமவர். மூவரும் அறிவுடையோரே. ஆனால் நடத்துநரின் உறையில் முத்திரையிடப்பட்டுக் கிடப்பது ஒரே சொல். இத்தகைய இரட்டுறு குறிப்புக்கள் ஒரு கட்டத்திலே பத்து இருந்தால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடைகள் மட்டுமே என்று கொண்டாலும், 1,024 வெவ்வேறு விடைப் பத்திரங்கள் உண்டாகும். நுழைவுக் கட்டணம் ஒன்றுக்கு நான்கு அணா என்று வைத்துக்கொண்டால், பரிசை உறுதிப்படுத்திக்கொள்ள 256 ரூபா வேண்டும். அன்றைய எழுதுவினைஞர் ஒருவரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய தொகை அது. அவர் அனுப்பியிருக்கக்கூடியது நான்கு அல்லது எட்டுப் பத்திரங்களே. எஞ்சியது நப்பாசை.

இது வெறும் எமது ஊகமன்று. பெங்களூரிலிருந்து வெளிவந்த 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்ற வாரப் பத்திரிகை மூலம் நடத்தப்பட்ட ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துப் போட்டி பம்பாய் மாகாணத்திலே பெருவழக்காயிருந்தது. அதன்மீது வரியும் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டதை எதிர்த்து நடத்துநர் தொடுத்த வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1957இல் அளிக்கப்பட்ட தீர்ப்பு அப்போட்டியைச் சூதாட்டத் தன்மையது என்று கூறியது. சூதாட்டம் அரசியலமைப்பு காக்கும் வியாபாரமாகாதென்றும் விதித்தது. ஒப்பப் பொருந்தும் சொற்களுள் நடத்துநர் முன்னரே தெரிந்துவைத்த சொல்லோடு ஒத்துப்போவதே வெற்றி என்றால், அங்கே திறமைக்கு இடமில்லை என்பதே அத்தீர்ப்பின் கருத்து. இதற்கு முன்னரே, 1955இல், இந்தியப் பாராளுமன்றம் பரிசுப் போட்டிச் சட்டத்தை இயற்றியிருந்தது. மாதமொன்றில் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பரிசை அது தடைசெய்தது. அனுமதி பெற்ற போட்டிக்கும் 2,000 விடைகளுக்கு மேல் ஏற்கக் கூடாதென்றது. இச்சட்டத்தை எதிர்த்த வழக்கிலே நீதிமன்றம் வழங்கிய விளக்கம் எமக்கு மிக முக்கியமானது. வெற்றி பெரும்பாலும் திறமையில் தங்கியுள்ள போட்டிகளை இச்சட்டத்தின் தடைகள் கட்டுப்படுத்தமாட்டா என்று அது வேறுபடுத்திக் காட்டியது. புதிரை இரண்டாகப் பிரிக்க நாம் மேலே எழுப்பிய கேள்வியையே சட்ட மொழியிலே நீதிபதிகளும் எழுப்பியிருக்கின்றனர்.

பெரும் பரிசு போயிற்று. ஆனால் அந்தக் காலத்துப் பழக்கம் போகவில்லை. சிறு பரிசோ, பரிசே இல்லாமலோ இன்று வெளிவரும் தமிழ்க் குறுக்கெழுத்துக்களிலும் முத்திரையிட்ட உறையின் ஆட்சியே நடக்கின்றது. 'இது இனிக்கும்', 'பெண்கள் விரும்புவது', 'அரசனுக்கு அழகு' என்பன போன்ற குறிப்புக்கள் அந்த மரபின் எச்சங்கள். அவற்றைவிட எமக்கு அதிக வருத்தந் தருவது வேறொன்று. எங்கள் நாட்டு வார இதழ்களின் கட்டங்களிலே 'குழம்பியுள்ளது', 'திரும்பியுள்ளது' என்ற அடைப்புக் குறிப்புக்களை அடிக்கடி காண்கின்றோம். அதாவது, விடைச்சொல் சதுரங்களில் எழுத்து ஒழுங்கு மாறியோ தலைகீழாகவோ நிற்கும். ஆங்கிலப் புதிரிலும் எழுத்தைக் குழப்புதல் உண்டு. ஆனால் அங்கே குழப்பம் குறிப்பில் நிகழும், விடை கட்டத்துள் நேராகவே அமரும். எங்கள் கட்டத்திலோ குழப்பம் விடையிலேயே நிகழ்கின்றது. 'பட்டணம்' என்று ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று கொள்வோம். குறுக்கே செல்லும் சொற்களால் இரண்டு எழுத்துக்களின் இடம் உறுதியாயிற்று. மற்ற மூன்றும் எந்தச் சதுரத்தில் எது? ஆறு ஒழுங்குகள் உண்டு. ஆறும் சமமாகப் பொருந்தும். சொல்லை அறிந்த வாசகன் புதிரை அறியாதவனாக நிற்கிறான். உண்மையில் இது ஆக்குவோரின் சோம்பல். கட்டத்துள் சொல் அடங்காதவிடத்துச் சொல்லை முறித்து அடைத்துவிட்டு, அதனைப் புதிரென்று வாசகன் தலையிலே கட்டுகின்றார்கள்.

தமிழ் எழுத்து சதுரத்துக்கு ஒத்துவராதது. 26 எழுத்துள்ள ஆங்கிலத்துக்கு இலகு, 247 எழுத்துள்ள தமிழுக்கு ஏது இலகு என்று இதற்குச் சமாதானங் கூறப்படுவதுண்டு. எழுத்துத் தொகை மிகுதி என்பது உண்மைதான். ஒரு சதுரத்தில் 'கூ' விழுந்தால், குறுக்கே வரும் சொல்லும் 'கூ'வையே கொண்டிருக்க வேண்டும், 'கு' உதவாது. எனினும் தமிழ் இலக்கணம் ஆக்குவோனுக்கு வைத்துள்ள உதவியை இச்சமாதானக்காரர் கவனிப்பதில்லை. மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது. ஆகவே மெய் விழுந்த சதுரத்திலிருந்து எந்தச் சொல்லும் தொடங்க முடியாது. வல்லின மெய் மொழிக்கு இறுதியிலும் வாராது. ஆகவே அங்கே எந்தச் சொல்லும் முடியவும் முடியாது. மேலும் க், ச், த், ப் என்ற நான்கும் தம்மோடு தாமே மயங்குமன்றிப் பிற மெய்யோடு மயங்கா என்பது பள்ளி மாணவரும் படிக்கும் விதி. இவற்றை ஒன்றுசேர்த்தால் கிடைப்பதைப் பாருங்கள்.

'பள்ளிக்கூடம்' என்பது ஏழெழுத்து: ப, ள், ளி, க், கூ, ட, ம். இதன் நடுவெழுத்து 'க்'. அச்சதுரத்தினூடாக மேலிருந்து கீழே ஒரு சொல் சென்றால், அது அங்கே தொடங்காது, அங்கே முடியாது, அடுத்த சதுரத்தில் ககர வருக்க எழுத்தொன்று நின்றே தீரும். மக்கள் என்பது செல்லலாம். அக்கா, ஏக்கம், வாக்கு என்பனவும் செல்லலாம். சொல் இன்னதென்று தெரியாத வாசகனும் இவ்வளவையும் விதியைக் கொண்டே எழுதிவிட முடியும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து அறியப்பட்டால் அடுத்த எழுத்தைப்பற்றி இத்தகைய உறுதி கிடைப்பது மிக அரிது. 'கியூ' என்ற எழுத்து ஒன்றே ஓரளவு அதற்கு ஈடாகும். பக்தி, சக்தி போன்ற வடசொற்கள் இவ்விதிக்குப் புறம்பானவை. அவற்றையும் வாசகன் நினைவிற் கொள்ள வேண்டியதே. மயங்கொலியும் மெய்ம்மயக்கமும் பரீட்சைக்கு நெட்டுருப் போடப்படும் சூத்திரங்களாக மட்டும் எஞ்சியுள்ள ஒரு காலத்திலே, அவை பயன்படு கருவிகளாக உயிர்பெறக்கூடிய இடம் இந்தக் கட்டம். அந்த இடத்திலே 'குழம்பியுள்ளது' என்று எழுதிவிடுகின்றோம்.

புணர்ச்சியைப்பற்றியும் ஒரு சொல். ஆங்கிலச் சொற்றுண்டுகள் ஒட்டும்போது உருமாறுவதில்லை. தமிழ்ச் சொற்கள் மாறும். கரும்பும் அலகையும் எழுத்தெண்ணிக்கையிற் சேர்க்கப்பட்டால் கரும்பலகை வாராது. விதிப்படி புணர்ந்தாலே வரும். இரண்டு முறைகளுள் எதனைக் கையாளுகின்றோம் என்பதைப் புதிர் ஆக்குவோர் முன்னரே அறிவித்துவிடுதல் நேர்மை. எந்த அகராதி சான்று என்பதையும் அறிவித்தல் வேண்டும். ஸீமெனெஸின் வாசகர்க்குச் சேம்பர்ஸ் அகராதி பொதுச் சான்றாயிருந்தது. எங்களுக்கோ 1842இல் அச்சேறிய யாழ்ப்பாண அகராதி தொடக்கம் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஈறாகச் சான்றுகள் பல உண்டு. எதனை நம்பி விடை தேடுவது என்று கூறும் புதிர்ப் பக்கத்தை நாம் கண்டதில்லை.

தர்க்கப் புதிர்களைப்பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அவற்றின் நேர்மை பெரும்பாலும் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. 1962 டிசம்பரில் 'லைஃப் இன்டர்நாஷனல்' சஞ்சிகை வெளியிட்ட ஐந்து வீட்டுப் புதிர் இவ்வினத்தில் மிகப் பேர்பெற்றது. ஐந்து நிற வீடுகள், ஐந்து நாட்டவர், அவரவர் குடிக்கும் பானம், வளர்க்கும் பிராணி; வரிக்குதிரைக்கு உரியவர் யார்? ஐன்ஸ்டைன் ஆக்கியதென்று ஆதாரமின்றி இதனைப் பரப்புவோர் உளர். பெரிய பெயர் ஒட்டாவிட்டால் நல்ல பொருள் விலைபோகாதென்ற எண்ணம் புதிர் உலகையும் விட்டபாடில்லை. சுடோக்குவும் இவ்வினத்ததே. 1979இல் அமெரிக்காவிலே ஹாவேர்ட் கார்ன்ஸ் என்ற கட்டிடக் கலைஞரின் ஆக்கமாகத் தோன்றி, 1984இல் ஜப்பானிய நிக்கோலி நிறுவனத்தின் வாயிலாகப் புதுப்பெயர் பெற்று, 2004 நவம்பரில் லண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையில் இடம்பெற்று உலகெங்கும் பரவிற்று. 81 சதுரங்களுக்கு ஒரே விடை இருக்க வேண்டுமானால் ஆகக் குறைந்தது 17 இலக்கங்கள் தரப்பட வேண்டுமென்று 2012இல் டப்ளின் ஆய்வாளர் கணனி கொண்டு நிறுவினர். அவிழ்த்தவன் தானே உறுதிசெய்யக்கூடிய புதிர் என்ற வகையில் எமக்கு இதன்மேல் குறையில்லை. ஆனால் மொழி தேவையில்லாத இந்தப் புதிரைக் கணனி நொடிப்பொழுதிற் பல்லாயிரமாக உற்பத்தி செய்துவிடும். பத்திரிகை முதலாளிக்கு அது மலிவு. தமிழ்ச் சொற்புதிர் ஆக்கும் ஒருவருக்கு ஊதியங் கொடுப்பதைவிட அந்த இடத்தை இலக்கங்களால் நிரப்புவது இலாபம். இது சுடோக்குவின் குற்றமன்று.

ஆசிரியத் தொழிலிலுள்ள எம்போன்றோர்க்கு இவ்விடயம் பொழுதுபோக்கின் எல்லையைத் தாண்டி முக்கியத்துவம் பெறுகின்றது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலே சிறுவரின் நுண்ணறிவைச் சோதிக்கும் வினாக்கள் தரப்படுகின்றன. அடுத்து வரும் உருவம் எது, கூட்டத்திற் சேராதது எது என்ற இவை யாவும் புதிர்களே. இவற்றிற்காகவே வகுப்பு வைத்து, மாதிரி வினாத்தாளை அடுக்கடுக்காகச் செய்வித்து, விடையை அட்டவணையாக மனனஞ் செய்விக்கும் நிலையத்தை எந்த ஊரிலும் காணலாம். புதிரை மனனஞ் செய்வது எத்தகைய முரண்பாடு! பத்து வயதுப் பிள்ளையிடம் 'ஏன் இந்த விடை?' என்று கேட்டால், 'விடைத்தாளிற் போட்டிருக்கிறது' என்று பதில் வருகின்றது. கூட்டத்திற் சேராதது எது என்ற வினாவிலே பிள்ளை வேறோர் உருவத்தைத் தெரிந்து, அதற்குத் தக்க காரணமுங் காட்டினால் அதற்குப் புள்ளியில்லை. பரிசுக் குறுக்கெழுத்தின் முத்திரையிட்ட உறை இங்கே சீருடை அணிந்த பிள்ளையின் முன்னிலையில் வந்து நிற்கின்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அந்த உறைக்குள் இருப்பதைக் காசு கொடுத்து முன்கூட்டியே பயின்றுவிடுகின்றது; தோட்டப்புறத்துப் பிள்ளைக்கும் கரையோரக் குடிசைப் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பில்லை. நியாயமான புதிரிலே வசதிக்கு இடங் குறைவு. தன் விடையைத் தானே சரிபார்க்கக் கூடிய பிள்ளைக்கு அந்த வகுப்பு எதற்கு?

அவிழ்ப்பவனை ஆக்குவோனாக்குவதே இதற்கு மருந்து என்பது எமது கருத்து. ஸீமெனெஸ் ஒரு சொல்லைக் கொடுத்து அதற்குக் குறிப்பு எழுதும்படி வாசகரை அழைப்பார். வந்தவற்றுள் சிறந்தவற்றைப் பெயரோடு வெளியிட்டுக் குறைநிறை கூறுவார். ஜப்பானிய நிக்கோலி சஞ்சிகையிலும் வாசகர் அனுப்பிய புதிர்கள் பெரும்பங்கு வகித்தன. மாணவர் விடயத்திலோ லெனாட் டோவின் கதை பிரசித்தமானது. லண்டன் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகைக்குக் குறுக்கெழுத்து ஆக்கிவந்த இவர் ஒரு பாடசாலைத் தலைமையாசிரியர். 1944 மே, ஜூன் மாதங்களில் நோர்மண்டித் தரையிறக்கத்தின் இரகசியப் பெயர்களான யூட்டா, ஒமாகா, ஓவர்லோர்ட், மல்பரி, நெப்டியூன் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அவரது கட்டங்களில் வரவே, புலனாய்வுத் துறையினர் வந்து அவரை விசாரித்தனர். கட்டங்களைச் சொற்களால் நிரப்பும் வேலையை அவர் மாணவரிடம் கொடுப்பதுண்டென்றும், அருகே முகாமிட்டிருந்த போர்வீரர் வாயிலிருந்து அப்பெயர்களைத் தாம் பொறுக்கியதாகவும் அவரது பழைய மாணவர் ஒருவர் 1984இற் கூறினார். உளவின் சுவைக்காக இக்கதையைப் பலர் எடுத்துரைப்பர். கட்டம் ஆக்கும் வேலையைப் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த ஓர் உபாத்தியாயர் அதில் இருக்கின்றார் என்பதே எமக்கு முக்கியம்.

எமது வகுப்பிலே பத்தாந்தர மாணவரிடம் மேற்கூறிய பள்ளிக்கூடக் கட்டத்தைக் கொடுத்து, ஏழு எழுத்துக்களிலும் எவை எவற்றிலிருந்து கீழ்நோக்கிச் சொல் தொடங்கலாம், எவற்றில் தொடங்கலாகாது என்று கேட்டோம். நன்னூற் சூத்திரத்தை ஒப்புவிக்கும்போது கொட்டாவி விட்டவர்களே சதுரத்தின்மேல் தலைகளை முட்டிக்கொண்டு தர்க்கித்தனர். 'ள்' இருந்த சதுரத்தில் ஒன்றும் தொடங்காது என்று ஒருத்தி கண்டுபிடித்துக் கூறியபோது, அவள் சூத்திரத்தை மேற்கோளாகக் காட்டவில்லை. தொடங்கிப் பார்த்துத் தோற்றதையே காட்டினாள். பின்னர் ஒரு மாணவன் 'பாங்க்' என்ற சொல்லைக் கீழ்நோக்கி எழுதிக் 'க்' சதுரத்திலே கொண்டுவந்து முடித்தான். வல்லினமெய் மொழிக்கு இறுதியில் வாராதே என்று மற்றையோர் மறுத்தனர். சந்தியில் உள்ள பெயர்ப்பலகையில் அப்படித்தானே எழுதியிருக்கிறது என்றான் அவன். வங்கி என்று திருத்தும்படி சிலர் வற்புறுத்தினர். பெயர்ப்பலகையில் உள்ளதை இல்லையென்று கூற முடியுமா என்று வேறு சிலர் கேட்டனர். மணி அடித்தபோது வகுப்பு இரு கட்சியாகப் பிரிந்திருந்தது. அடுத்த கட்டத்தை ஆக்குமுன் பிறமொழிச் சொற்களைப்பற்றி ஒரு விதியைத் தாங்களே எழுதி, கட்டத்தின் தலைப்பில் அதனை அச்சிடுவதென்ற அளவிலே அவர்கள் உடன்பட்டனர். அவ்விதி இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.